நிழலில் காயாத குளிகை

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முன்னால், மருதவேலி என்று ஒரு நாடு இருந்தது. நாட்டுக்கு ஒரு ராசா. ராசாவுக்கு ஒரு மருந்துச் சாலை. அந்தச் சாலையில் குளிகை அரைக்கிறவள் உமையாள். கதை அவளுடையது, கோபம் என்னுடையது. சொல்லும்போது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலுக்குக் குளிகை செய்வது எப்படித் தெரியுமா? மூலிகையைக் கல்வம் என்கிற கல் குழியில் போட்டு மூன்று நாழிகை அரைக்க வேண்டும். சுண்டைக்காய் அளவு உருட்ட வேண்டும். பிறகு மூன்று நாள் நிழலில் கிடத்த வேண்டும். பார்க்கிறவனுக்கு அது சும்மா கிடக்கிறதாகத் தோன்றும். சும்மா கிடக்கும்போதுதான் ஐயா அது மருந்தாகிறது!

சாலையில் அந்திக்கு மணி அடிப்பார்கள். அடித்ததும் கல்வத்தைக் கழுவி, துணி போட்டு மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். மூடிய துணியை விடியும்வரை யாரும் எடுக்கக் கூடாது. அது சாலையின் வழக்கம்.

ஓர் ஐப்பசி மழையில் சாலையின் கூரை இடிந்து விழுந்தது. "கூரை போடும்வரை அவரவர் கல்வத்தை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்றார் ராசா. உமையாளுக்கு வாயெல்லாம் பல். மகள் அல்லி பக்கத்திலேயே இருப்பாள், சோறு சுடச்சுடக் கிடைக்கும், சேற்றில் நடக்க வேண்டாம். நல்லதுதானே? நல்லதுதான். கெடுத்தது யார் என்று கேளுங்கள்.

முதலில் வந்தான் சாலை அதிகாரி வல்லபன். "ஒரு நாளைக்கு முப்பது குளிகை செஞ்சே. இனிமே அறுபது செய். வீட்டிலேதானே இருக்கே!"

அடுத்து வந்தாள் எதிர்வீட்டுப் பொன்னாத்தா. "ஆடு ரெண்டையும் உன் வாசல்ல கட்டிட்டுப் போறேன், அப்பப்போ தழை போடு. வீட்டிலேதானே இருக்கே!"

மூன்றாவது ஆள் புருஷன் சாத்தன், உப்பு வண்டி ஓட்டுகிறவன். "இன்னும் உலை வைக்கலையா? வீட்டிலேதானே இருக்கே!"

அடப்பாவிகளா! வீட்டில் இருந்தால் அவளுக்கு எட்டுக் கையா முளைக்கும்?

இவர்களையெல்லாம்கூட விட்டுவிடலாம். நாலாவதாக அதையே சொன்னது யார் தெரியுமா? உமையாளேதான். அந்தி சாயும். மணிச் சத்தம் அவள் தெருவரை எட்டாது. கல்வம் மூலையில் இருக்கும். 'இன்னும் பத்துதானே, வீட்டிலேதானே இருக்கிறேன்' என்று துணியை எடுத்துவிடுவாள். சில நாளில் துணி போடுவதையே விட்டாள். அப்புறம் அந்தத் துணி, அடுப்பிலிருந்து பானை இறக்கும் கரித்துணியாகிவிட்டது. ஒரு கையால் கஞ்சி குடித்தாள், மறு கையால் குளிகை உருட்டினாள். அல்லி "அம்மா" என்றாள். காதில் விழவில்லை. மறுபடி "அம்மா" என்றாள். "இரு" என்றாள் உமையாள். மூன்றாவது தடவை குழந்தை கூப்பிடவே இல்லை.

வல்லபன் அறுபதை நூறாக்கினான்.

"ஐயா, நிழல்ல காயப் போட இடமும் இல்ல, நாளும் இல்லையே" என்றாள் உமையாள்.

"அடுப்பு மேல தட்டை வெச்சு உலர்த்து. யாருக்குத் தெரியப்போகுது?"

அவளுக்குத் தெரியுமே! தெரிந்தும் செய்தாள். கண் எரிந்தது, 'முடியாது' என்று ஒரு சொல் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் மேலும் எனக்குக் கோபம்தான். என்ன செய்ய, அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது.

கார்த்திகையில் ஊருக்குள் காய்ச்சல் வந்தது. அவள் செய்த குளிகையை வல்லபன் வீடு வீடாகக் கொடுத்தான். உமையாள் வீட்டுக்குள்ளும் வந்தது. அல்லியின் உடம்பு அனலாய்க் கொதித்தது. உமையாள் ஓடிப்போய்ப் பானையிலிருந்து ஒரு குளிகையை எடுத்து உடைத்தாள். வெளியே கல், உள்ளே ஈரம், நடுவில் பச்சைப் பூஞ்சணம். இன்னொன்றை உடைத்தாள், அதுவும் அப்படித்தான். மூன்றாவதும் அப்படித்தான். மூன்று பானை நிறைய மருந்து வீட்டில் இருக்கிறது, பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க ஒன்று இல்லை. வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் பரணில் இருந்த சின்னச் செப்பு நினைவுக்கு வந்தது. சாலையிலிருந்து கல்வத்தோடு கொண்டுவந்தது. திறந்தால், நிழலில் காய்ந்த பழைய குளிகை நாலு. மூன்று நாளைக்கு மூன்று கொடுத்தாள். நாலாம் நாள் அல்லி கண் திறந்து கஞ்சி கேட்டாள். செப்பில் ஒன்று மிச்சம்.

'என் பிள்ளைக்கு நல்ல குளிகை கிடைத்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு?' என்று நினைத்தாள் பாருங்கள். பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று முந்தானையில் முடிந்துகொண்டு நேரே சபைக்குப் போனாள்.

மருந்துக்குக் காய்ச்சல் கேட்கவில்லை என்று அங்கே ஏற்கெனவே ஊரார் முறையீடு. வல்லபன் கைகட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நான் என்ன செய்வேன் மகாராசா? சாலையில் இருந்தால் வேலை செய்வாள். இப்போது வீட்டில் படுத்துத் தூங்குகிறாள்."

தூங்குகிறாளாம்! கேட்டீர்களா?

உமையாள் இரண்டு குளிகையையும் அவன் முன்னால் வைத்தாள். "மகாராசா, இது ஒரு நாளைக்கு முப்பது செஞ்சப்போ நிழல்ல காய்ஞ்சது. இது நூறு செஞ்சப்போ, இந்த ஐயா சொன்னபடி அடுப்புல காய்ஞ்சது."

"ரெண்டும் ஒண்ணுதான் மகாராசா. மருந்துன்னா மருந்துதான்" என்றான் வல்லபன்.

"அப்படிங்களா? காய்ச்சல் வீட்டுல இருந்து வந்து உங்க பக்கத்துல நிக்கிறேன் ஐயா. எதுக்கும் ஒண்ணை முழுங்கிக்குங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

"எடு" என்றார் ராசா.

வல்லபன் கை புதிய குளிகைப் பக்கம் போனது, திரும்பியது. மறுபடி போனது, திரும்பியது. மூன்றாவது தடவை வெடுக்கென்று பழையதை எடுத்தான்.

ராசா மற்றதைத் தன் விரலால் உடைத்தார். பச்சையைப் பார்த்தார். "இதையா என் பேரைச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்தாய்?" என்று கேட்டார்.

கெட்ட குளிகையெல்லாம் வல்லபனே வீடு வீடாய்ப் போய்த் திருப்பி வாங்க வேண்டும், பிறகு ஓர் ஆண்டு தானே கல்வத்தில் அரைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கணக்கு பழையபடி முப்பதே. "உன் தெருவுக்கு ஒரு மணி கட்டித் தரவா?" என்று கேட்டார் ராசா. "வேண்டாம் மகாராசா, எப்ப மூடணும்னு எனக்கே தெரியும். மத்தவங்க திறக்கச் சொல்லாம இருந்தாப் போதும்" என்றாள் உமையாள்.

அன்று அந்தியில் கரித்துணியைத் துவைத்து, கல்வத்தைக் கழுவி மூடினாள். வண்டியை அவிழ்த்துவிட்டு வந்த சாத்தன், "உலை வைக்கலையா? வீட்டிலே..." என்று ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். மீதியை விழுங்கிக்கொண்டு, தானே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தான்.

"அம்மா" என்றாள் அல்லி.

"என்னடா கண்ணு?" என்றாள் உமையாள், முதல் தடவையிலேயே.

இதனால் நான் சொல்வது இதுதான்: ஓய்வும் வேலையில் ஒரு பங்கு; அதை ஊரார் திருடினாலும் நீயே திருடினாலும், வேலையும் கெடும், ஆளும் கெடுவான்.