உறங்காப் புலிக்கு வந்த கொட்டாவி

காலை ஆறு நாழிகை. பட்டங்கள் அறுபத்தொன்று. அவற்றைச் சொல்ல வேண்டியவன் பெயர் சாத்தப்பன்.

முன்னொரு காலத்தில் மருதங்குடி நாட்டைக் கோதண்ட மாறன் என்ற அரசர் ஆண்டார். அவர் தினமும் அவைக்குள் நுழையும்போது கட்டியக்காரன் வெள்ளிப்பிரம்பைத் தரையில் தட்டி, அவருடைய பட்டங்களை ஒன்று விடாமல் கூவ வேண்டும். 'ஏழு கடல் கண்டவரே' என்பது அவற்றில் ஒன்று. மருதங்குடியில் கடல் இல்லை. ஓர் ஏரி உண்டு. பட்டங்களை எழுதியவர் அவைப்புலவர் ஏகாம்பரக் கவிராயர். எழுதியது தாம், ஊர் மெச்சுவது சாத்தப்பன் குரலை என்பதில் அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

சாத்தப்பன் பத்தொன்பது ஆண்டுகளாகக் கூவிவந்தான். கடைசி இரண்டு ஆண்டுகளாகக் காலையில் எழுந்தால் கை கால் ஈயமாகக் கனத்தது. சோறு இறங்கியது, ருசி தெரியவில்லை. தலைப்பாகையைக் கட்டிவிட்டு, எதற்குக் கட்டினோம் என்று சிறிது நேரம் உட்கார்ந்திருப்பான்.

அன்று முப்பத்தெட்டாவது பட்டம் வரை வந்தான். "உறங்காப் புலியே!" என்று கூவ வாய் திறந்தான். கொட்டாவி வந்தது.

சின்னக் கொட்டாவி அல்ல. அது வாசல் காவலரைத் தொற்றி, தளபதியைத் தொற்றி, கடைசியில் சிம்மாசனம் வரை போய் உறங்காப் புலியின் வாயையும் திறந்துவிட்டது.

"ராஜநிந்தை!" என்று குதித்தார் கவிராயர். "மகாராஜாவின் புகழைச் சொல்லும்போது கொட்டாவியா? அதுவும் அந்தப் பட்டத்தில்!"

"உடம்புக்கு என்ன சாத்தப்பா?" என்றார் அரசர்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை மகாராஜா. வேலைதான்… சலித்துவிட்டது."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

"என் புகழ் உனக்குச் சலித்துவிட்டதா? பிரம்பை வைத்துவிட்டு நாட்டைவிட்டே போ!"

அமைச்சர் சிற்றம்பலம் எழுந்தார். "போகட்டும் மகாராஜா. ஆனால் குற்றம் ஆளிடமா வேலையிடமா என்று பார்த்துவிட்டு அனுப்பலாமே. ஏழு நாள் கவிராயரே கட்டியம் சொல்லட்டும். குறையில்லாமல் சொன்னால் சாத்தப்பன் எட்டாம் நாள் எல்லை தாண்டட்டும்."

"ஏழு நாள் என்ன, எழுபது நாள் சொல்வேன்!" என்று பிரம்பைப் பிடுங்கிக்கொண்டார் கவிராயர்.

சாத்தப்பன் வீட்டில் கிடந்தான். ஓய்வு கிடைத்தால் தேறிவிடும் என்று நினைத்திருந்தான். தேறவில்லை. அதே நேரத்துக்கு விழிப்பு வந்தது. உதடு தானாகப் பட்டங்களை முணுமுணுத்தது. மனைவி சிவகாமி மூட்டை கட்டவும் முடியாமல் அவிழ்க்கவும் முடியாமல் சுற்றி வந்தாள். "எந்த ஊருக்கு என்றாவது சொல்லுங்களேன்" என்றாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான்காம் நாள் அமைச்சர் வந்தார். "ஓய்வு எப்படி இருக்கிறது?"

"வேலையே தேவலை ஐயா."

"அந்த அறுபத்தொன்றில் நீ கண்ணால் கண்டது எத்தனை?"

சாத்தப்பன் யோசித்தான். "ஒன்றுமில்லை. ஆனால் பட்டத்தில் இல்லாத ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அகழியில் விழுந்த கன்றுக்குட்டியை மகாராஜா தாமே இறங்கித் தூக்கினார். இடுப்பு வரை சேறு! 'கயிறு எங்கேடா மடையன்களா' என்று ஒரே சத்தம்!"

சமையல்கட்டிலிருந்து சிவகாமி எட்டிப் பார்த்தாள். அந்தக் குரலை அவள் கேட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"ஏழாம் நாள் காலையில் சீக்கிரம் வந்து அரண்மனை வாசலில் நில். சும்மா நிற்காதே, அங்கே நிற்பவர்களிடம் பேசு" என்று சொல்லிவிட்டுப் போனார் அமைச்சர்.

ஏழாம் நாள் சாத்தப்பன் விடியலிலேயே வாசலில் நின்றவர்களிடமும் காவலரிடமும் பேசிவிட்டு அவைக்குள் வந்து நின்றான். கவிராயர் கட்டியத்தை முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு கொட்டாவியும் இல்லை.

"மகாராஜா, இன்று எத்தனை பட்டங்கள் கேட்டீர்கள்?" என்றார் அமைச்சர்.

"இது என்ன கேள்வி? அறுபத்தொன்று."

"நாற்பத்து நான்கு. நேற்று ஐம்பது. மூன்றாம் நாளிலிருந்தே விழுங்குகிறார். எழுதியவருக்குச் சொல்ல முடியவில்லை. உரியவருக்குக் கேட்க முடியவில்லை. பத்தொன்பது வருஷம் முழுசாகச் சொன்னவன் ஒருவன்தான்."

"தொண்டை கட்டிக்கொண்டது மகாராஜா…" என்றார் கவிராயர்.

அரசர் முகம் கறுத்தது. "சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்?"

"பட்டங்களை நிறுத்துங்கள். நேற்று மகாராஜா என்ன செய்தார் என்று மட்டும் தினமும் சாத்தப்பன் சொல்லட்டும்."

"அவ்வளவுதானே? சொல் சாத்தப்பா, நேற்று நான் என்ன செய்தேன்?"

சாத்தப்பன் முன்னே வந்தான். பொய் சொன்னால் வேலை மிஞ்சலாம். அந்தப் பொய்யையும் நாளைக்கும் மறுநாளைக்கும் சொல்ல வேண்டுமே என்று நினைத்தான். பிரம்பை வாங்கித் தரையில் தட்டினான்.

"நேற்று மேலக்கரையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மதகு இடிந்து ஏரித்தண்ணீர் வீணாகப் போகிறது என்று சொல்ல வந்தார்கள். மகாராஜா சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்க்கவில்லை."

அரசர் தம் மோதிரத்தைத் திருகினார்.

"அவர்கள் போய்விட்டார்களா?"

"வாசலில் இருக்கிறார்கள்."

"கூப்பிடு."

சாத்தப்பன் ஊரைவிட்டுப் போகவில்லை. வெள்ளிப்பிரம்பு அவனுக்கே சொந்தமாயிற்று. கவிராயர் வாசலில் நின்று, வருகிறவர்களின் பெயரையும் வந்த காரியத்தையும் எழுதும் வேலைக்குப் போனார். அதில் அலங்காரம் எதுவும் சேர்க்கக் கூடாது என்பது உத்தரவு.

சாத்தப்பனுக்குச் சில காலைகளில் கை கால் அப்போதும் கனத்தது. ஆனால் நேற்று நடந்ததை விசாரிக்கக் குதிரைலாயத்துக்கும் வாசலுக்கும் போக வேண்டியிருந்தது, போனான். 'நேற்று மகாராஜா ஒன்றும் செய்யவில்லை' என்று சொன்ன நாட்களும் உண்டு. அந்த நாட்களில் அரசர் சொக்கட்டானைத் தொடமாட்டார்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, மாசி மாதம் எட்டாம் நாள் காலை ஆறு நாழிகைக்குச் சாத்தப்பன் காலிச் சிம்மாசனத்தின் முன் நின்று பிரம்பைத் தட்டினான்.

"நேற்று மகாராஜா மேலக்கரை மதகைப் பார்த்துவிட்டு வந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பின் இறந்துபோனார்."