சொல்ல ஒன்றுமில்லாத நாள்

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சிறிய மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாலை விளக்கேற்றியதும் ஒவ்வொருவரும் அன்று தாம் செய்த பிழை ஒன்றைச் சொல்லிவிட்டுத் திருநீறு வாங்கிக்கொள்வார்கள். கண்டிப்பும் கிடையாது, ஆறுதலும் கிடையாது. மடத்தின் தலைவி உமையம்மை கடைசியாகத் தம் பிழையைச் சொல்வார்.

சீடர்களில் ஒருவர் ஆவுடைநாயகம். கடை கடையாகப் போய்த் தராசு சோதிக்கும் அரசு வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். உமையம்மையைவிட இருபது வயது மூத்தவர். அவர் 'அம்மா' என்பார். உமையம்மை 'ஐயா' என்பார்.

வந்த புதிதிலேயே காவி கேட்டார்.

"தகுதி வந்துட்டதுன்னு உங்களுக்குத் தோணும்போது கேளுங்க, ஐயா" என்றார் உமையம்மை.

அங்கே காவிக்குப் புதுத்துணி எடுப்பதில்லை. கேட்டவருடைய வேட்டியையே காவிமண் கரைத்த தண்ணீரில் முக்கிக் கொடுப்பார்கள்.

தகுதிக்கு ஆவுடைநாயகம் தாமே ஓர் அளவு வைத்துக்கொண்டார். சொல்வதற்குப் பிழையில்லாத ஒரு மாலை. அது வந்தால் காவி கேட்பது. ஒரு வருடத்துக்குள் வராவிட்டால் மகனோடு ஊருக்குப் போய்விடுவது. மகனிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அந்த மாலை வரவேயில்லை. பூஜையில் தூங்கினார். சமையல்காரர் பரமனிடம் எரிந்து விழுந்தார். துவைத்த துணிகளை மழையில் விட்டார். வருடம் முடிந்து மகன் அழைத்துப்போக வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, மதியப் பந்தியில் பரிமாறும்போது, தினமும் சாப்பிட வரும் பார்வையில்லாத இசக்கிமுத்துவின் கைமேல் ரசத்தை ஊற்றிவிட்டார். பாதி ரசம் ஆவுடைநாயகத்தின் வேட்டியிலேயே கொட்டியது.

"சூடா இருந்துச்சா?" என்று அன்று மாலை உமையம்மை கேட்டார்.

"நல்ல சூடு, அம்மா."

திருநீறு கொடுத்தார்.

"தராசு இன்னைக்கும் சாஞ்சுட்டுதா, அண்ணாச்சி?" என்றார் பரமன்.

ஆவுடைநாயகம் ஆற்றுக்குப் போய் வேட்டியை மூன்று முறை சோப்புப் போட்டுத் துவைத்தார். மஞ்சள் கறை போகவில்லை.

மறுநாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். பேசவில்லை. சாப்பிடவில்லை. மடியில் கையை வைத்துச் சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு குளித்து, புது வேட்டி கட்டி, விளக்கின் முன் வந்து நின்றார்.

"இன்னைக்குச் சொல்ல ஒண்ணுமில்லை, அம்மா. காவி கேட்க வந்திருக்கேன்."

உமையம்மை தலையசைத்துவிட்டுப் பரமனைப் பார்த்தார்.

"கூட்டுல உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன்" என்றார் பரமன். "அண்ணாச்சி சாப்பிட வந்திருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்கும்."

கடைசியில் உமையம்மை சொன்னார்.

"இன்னைக்குப் பந்தியில ரசம் ஊத்தினது நான். இசக்கிமுத்துவுக்கு எல்லாம் பரிமாறியாச்சு. அவர் கையை மடியிலயே வச்சுக்கிட்டு யாரையோ எதிர்பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஏன்னு கேட்க எனக்குத் தோணலை. பிறகு என்னமோ தடவிப் பார்த்தார். பாதி இலையோட எழுந்து போயிட்டார். அது என் பிழை."

ஆவுடைநாயகம் தரையைப் பார்த்தார்.

"அவருக்கு நீங்க தினமும் என்ன செய்வீங்க, ஐயா?"

"பெரிசா ஒண்ணுமில்லை. விரலைப் பிடிச்சு இலையில தொட்டுக் காட்டுவேன். இது உப்பு, இது கூட்டு, இது அப்பளம்னு. அப்புறம் அவரே சாப்பிட்டுக்குவார்."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசம் இருக்கும்."

"இங்க சொன்னதே இல்லையே."

"இங்க பிழையைத்தானே சொல்லணும்."

"நேத்து ரசம் கொட்டின பிறகு என்ன செஞ்சீங்க?"

"கையைத் தண்ணியில வச்சேன். எரிச்சல் அடங்கினதும் மறுபடி விரலைப் பிடிச்சேன். 'ரசம் எங்க இருக்குன்னு மட்டும் காட்ட வேண்டாம்வே, தெரிஞ்சுபோச்சு'ன்னார். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். இலையை வழிச்சுச் சாப்பிட்டார்."

"அந்த நேரத்துல ஏதாவது குறை இருந்ததா? நல்லா சோதிச்சுச் சொல்லுங்க."

ஆவுடைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். குறை கண்டுபிடிப்பதற்கு முப்பது வருடம் சம்பளம் வாங்கியவர். நெடுநேரம் தேடினார்.

"இல்லை, அம்மா."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ரெண்டு நிமிஷம்."

உமையம்மை விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"இன்னைக்குப் பிழை ஒண்ணு இருக்கு, அம்மா" என்றார் ஆவுடைநாயகம்.

"சொல்லுங்க."

"பந்திக்கு வரலை."

திருநீறு கொடுத்தார். ஆவுடைநாயகம் அதை நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"மகன் காலையில வர்றான். துணிமணியை எடுத்து வைக்கிறேன்."

உமையம்மை பரமனிடம் காவிமண் சட்டியைக் கொண்டுவரச் சொன்னார். ஆவுடைநாயகம் அதையும் இடுப்பிலிருந்த புது வேட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது வேண்டாம், ஐயா. நேத்து கட்டியிருந்தது எங்க?"

"கொடியில கிடக்கு. கறை போகலையே, அம்மா."

"காவியில முக்கினாலும் போகாது. எடுத்துட்டு வாங்க."