தும்பி விட்டுக்கொடுத்த சொற்கள்

அந்தக் காலத்தில், ஈயும் எறும்பும்கூட வாயடித்துக்கொண்டு திரிந்தபோது, வானத்தின் முகக்குறியைப் படித்துச் சொல்லும் வேலை தும்பியுடையது. விடிந்ததும் மேலே போய்ப் பார்த்துவிட்டு, கடலோரத்து உப்பளத்துக்கு இறங்கி வந்து சொல்லும். வெயில் மங்கினால் மப்பு. நாள் முழுக்கச் சூரியனே தலைகாட்டாவிட்டால் மந்தாரம். மேகம் திரண்டு கவிந்தால் மூட்டம். காற்று செத்துப்போய் மூச்சு முட்டினால் இறுக்கம். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக வருவது சூறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருந்தது. ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொன்னதே இல்லை.

உப்பளத்துக்காரர்கள் நல்ல சொல், கெட்ட சொல் பார்க்கிறவர்கள். விளக்கு அணைந்தது என்று சொல்லமாட்டார்கள். பொழுது சாய்ந்தால் உப்பை உப்பு என்றே சொல்லமாட்டார்கள். ஒருநாள் தும்பி சூறை என்றது. ஜனங்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். சூறையோ பாதி வழியில் வடக்கே திரும்பிப் போய்விட்டது. அளத்துத் தலைவர் மாசிலாமணிக்குக் கோபமான கோபம். உப்பு விளைகிற இடத்தில் அந்தப் பேச்சு ஆகாது, இனிமேல் அதைச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய் என்றார். எப்போதோ வருவதுதானே என்று தும்பியும் செய்தது.

அந்தக் காலத்துச் சத்தியம் இந்தக் காலத்துச் சத்தியம் மாதிரி இல்லை. கொடுத்துவிட்டால் தொண்டையில் பூட்டு விழுந்துவிடும், அதற்குச் சாவி கிடையாது.

ஒன்றைக் கொடுத்துப் பழகியவர்களிடம் கேட்பது சுலபம். பிள்ளைத்தாய்ச்சி பயப்படுகிறாள் என்று மூட்டத்தைக் கேட்டார்கள். ஆட்களுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை என்று மந்தாரத்தைக் கேட்டார்கள். கல்யாண வீட்டில் காதில் விழுந்துவிட்டது என்று இறுக்கத்தையும் வாங்கிக்கொண்டார்கள். வானம் கறுத்ததற்கு வானத்தை யாரும் ஏசவில்லை, தும்பியைத்தான் ஏசினார்கள்.

மிஞ்சியது மப்பு மட்டும். அதைக் கேட்டு வந்தவள் வேதாம்பாள். தும்பிக்கு அந்த அளத்தில் நெருக்கம் என்றால் அவள் ஒருத்திதான். அவள் உப்பு வாரும்போது பலகைக் காம்பின் நுனியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும். அவள் புருஷன் காத்தமுத்து அந்த வருஷம்தான் கடலை ஒட்டிய கடைசிப் பாத்தியைச் சொந்தமாகக் கட்டியிருந்தான்.

"நீ மப்புன்னு சொன்னாலே இவரு வேலைய விட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. இன்னும் பத்து நாளு வெயிலடிச்சாப் போதும், எங்க உப்பு கரையேறிடும். வானத்தப் பத்திக் கெட்டதா எதுவுமே சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிடேன்" என்றாள்.

"அப்புறம் நெசமாவே ஒண்ணு வந்தா எதச் சொல்லி உங்கள எழுப்புறது வேதாம்பா?"

"வராது. நீ வாய வைக்காம இருந்தாப் போதும்."

தும்பிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்டவள் அவளாயிற்றே, செய்து கொடுத்தது.

ஒன்பதாம் நாள் காலையில் மேலே போன தும்பி கிழக்கே கடலுக்கு மேல் பார்த்ததும் ஒரே பாய்ச்சலாக இறங்கி வந்தது. வாயைத் திறந்தது, தொண்டை அடைத்தது. ஓடுங்கள் என்றாவது சொல்லப் பார்த்தது. எதற்காக ஓடச் சொல்கிறது என்று பூட்டுக்குத் தெரியாதா? அதுவும் வரவில்லை. ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் தாழப் பறந்து பறந்து காட்டியது. மாசிலாமணி துண்டால் விசிறி விரட்டினார். பெண்கள், தும்பி இன்றைக்கு என்ன குஷியாக இருக்கிறது என்று சிரித்தார்கள். கடைசிப் பாத்தியில் காத்தமுத்துவின் கண்ணெதிரே அது சுற்றிச் சுற்றி வந்தது. அவன் கையால் ஒதுக்கிவிட்டுக் குனிந்து உப்பை வாரினான். சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு.

மத்தியானம் கடல் உள்ளே வந்தது. உப்பும் போயிற்று, பாத்தியும் போயிற்று. மேட்டில் இருந்தவர்கள் தப்பினார்கள். காத்தமுத்துவின் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. பாத்தி இருந்த இடத்தில் வேதாம்பாள் உட்கார்ந்திருந்தாள். தும்பி அவள் முன்னால் வந்து நின்றது.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. மூஞ்சிக்கு நேரா வந்து வந்து பறந்தியே" என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

நீதானே வாங்கிக்கொண்டாய் என்று தும்பி பதில் சொல்லியிருக்கலாம். அது வானத்தைப் பற்றிய பேச்சல்ல. அதற்குத் தொண்டையில் பூட்டு இல்லை. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அவள் முகத்தைப் பார்த்தது, விழுங்கிக்கொண்டது.

அன்றைக்கு மூடிய வாயைத்தான் தும்பி இன்றுவரை திறக்கவில்லை. மழைக்கு முன்னால் தாழ இறங்கி நம் முகத்துக்கு நேரே சுற்றுவதோடு சரி. நாமும் கையை வீசி விரட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம்.