அக்கரைக் கடைக்கு வாசனை இலை கொடுத்த அணில்

சிட்டாயி என்ற அணிலுக்கு நான்கு குட்டிகள். அவை கண் திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வேங்கை மரத்தின் உச்சியில் அவளுடைய கூடு. அடிமரத்துப் பொந்தில் முந்நூறு கொட்டைகள். மழைக்காலம் முழுவதும் ஐந்து வயிறும் அந்தப் பொந்தை நம்பித்தான் இருந்தன.

அந்தக் காட்டில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பொருள் வரவழைக்கும் வழக்கம் புதிதாக வந்திருந்தது. மைனாவிடம் சொல்லி அனுப்பினால் போதும், பொருள் வாசலுக்கே வந்துவிடும். விலை கொடுக்க இரண்டு வழிகள் இருந்தன. உங்கள் பொந்தில் தேய்த்த ஓர் இலையை மைனாவிடம் கொடுக்கலாம். கடைக்காரனின் எலிகள் அந்த வாசனையைப் பிடித்து வந்து, பொந்திலிருந்தே விலையை எடுத்துக்கொள்ளும். அது வேண்டாமென்றால், முள்ளையா என்ற முள்ளம்பன்றி தந்திருக்கும் முள்ளைக் காட்டலாம். அவர் தம் கிடங்கிலிருந்து விலையைக் கொடுத்துவிடுவார். பௌர்ணமியன்று நீங்கள் அவரிடம் தீர்க்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் மைனா கூவிக்கொண்டே வந்தது.

"அக்கரையில மரநாய் புதுக்கடை போட்டிருக்காரு! மூட்டை நிறைய இலவம்பஞ்சு, ஐம்பதே கொட்டை! கிழங்கா இருந்தாலும் ஐம்பதுதான்! வாசனை இலை குடுத்தா பத்து தள்ளுபடி!"

மழை வந்தால் குட்டிகள் நடுங்குமே என்று சிட்டாயிக்குக் கவலை. உடனே இறங்கி வந்து, பொந்துக்குள் இலையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பக்கத்துப் புதரில் இருந்த காதையன் என்ற முயல் தலையை நீட்டியது. "சிட்டாயி, அந்த மரநாயை நீ பார்த்திருக்கியா?"

"இல்ல."

"நானும் பார்த்ததில்ல. அதான் நான் முள்ளைக் காட்டி வாங்குறேன். நீயும் முள்ளையாகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிக்கயேன்!"

"போங்கண்ணே! இன்னிக்கு வாங்கிட்டுப் பௌர்ணமிக்குக் குடுக்கிறதுக்குப் பேரு கடன்தானே? என்கிட்ட இருக்கு, நான் குடுக்கிறேன். அதுல பத்து மிச்சம் வேற!"

காதையன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பத்துக் கொட்டை மிச்சம் என்று கேட்டவர்களின் காதில் வேறு எதுவும் ஏறாது. அது அணிலானாலும் சரி, நாமானாலும் சரி.

சூரியன் உச்சிக்கு வருவதற்குள் ஐந்து எலிகள் ஆளுக்கொரு ஓலைக்கூடையோடு வந்தன. மிக மரியாதையான எலிகள். நாற்பது கொட்டைகளைச் சிட்டாயியின் கண்முன்னே எண்ணி எடுத்தன. ஒரு பெரிய மூட்டையை வைத்துவிட்டு வணக்கம் சொல்லிப் போயின.

சிட்டாயி ஆசையாக மூட்டையைப் பிரித்தாள். மேலே ஒரு பிடி பஞ்சு. அதற்குக் கீழே சருகு. அடிவரைக்கும் காய்ந்த சருகு!

"அடப்பாவி!" என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தபோது பொந்தில் பன்னிரண்டு எலிகள் நுழைந்துகொண்டிருந்தன.

"ஏய்! யாரு நீங்க? நான் எதுவும் வாங்கலையே!"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. இலையைக் குடுத்தாங்க, வாசனை பிடிச்சு வந்தோம். வழியை விடும்மா!"

"அது ஒரு தடவைக்குக் குடுத்த இலை!"

"ஒரு தடவைக்குன்னு இலையில வாசனை வருமா?" என்று ஓர் எலி சிரித்தது.

சிட்டாயி பாய்ந்து ஒன்றைக் கடித்தாள். ஒன்றைக் கடிப்பதற்குள் மற்றவை கூடையை நிரப்பிக்கொண்டு ஓடின. மேலே குட்டிகள் பசியில் கீச்சிட்டன. பாலூட்ட மேலே போனால் பொந்து காலி. இங்கேயே நின்றால் குட்டிகள் பட்டினி. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"காதையண்ணே! என் பொந்தைக் கொள்ளையடிக்கிறாங்க!"

காதையன் எட்டிப் பார்த்தது. உடனே முள்ளையாவின் கிடங்கை நோக்கி நாலுகால் பாய்ச்சலில் ஓடியது.

அது திரும்பி வருவதற்குள் இன்னொரு கூட்டமும் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. முள்ளையா சிலுசிலுவென்று முட்களைச் சிலிர்த்தபடி வந்து சேர்ந்தார். மிச்சமிருந்த இரண்டு எலிகள் கூடையைப் போட்டுவிட்டு ஓடின.

"நல்லவேளை வந்தீங்க ஐயா!" என்று சிட்டாயி அழுதாள்.

"அழாதே, அதுக்கு நேரமில்ல! இலை இன்னும் அந்த மரநாய்கிட்டதான் இருக்கு. நான் இங்கயே காவல் இருக்க முடியுமா? அங்க பாரு!"

ஆற்றங்கரை நாணல் அசைந்தது. நாற்பது எலிகளாவது இருக்கும். வரிசையாக நீந்தி வந்துகொண்டிருந்தன.

"கொட்டையை மேல கூட்டுக்கு ஏத்து! காதையா, நொச்சி இலையைக் கடிச்சுக் கொண்டா! நான் சேறு குழைக்கிறேன்! இந்தப் பொந்தோட வாசனையே தெரியக்கூடாது!"

சிட்டாயி வாயில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். மூச்சு முட்டியது. எலிகள் கரையேறிவிட்டன. காதையன் நொச்சியை மென்று துப்பித் துப்பிப் பொந்தில் பூசியது. நாக்கெல்லாம் கசப்பு. எலிகள் புதரைத் தாண்டிவிட்டன. முள்ளையா கடைசி உருண்டைச் சேற்றை அப்பி அடைத்த கையோடு மூன்று பேரும் மறைந்துகொண்டார்கள்.

எலிகள் மரத்தைச் சுற்றின. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தன. "இங்கதானே இருந்துச்சு?" என்றது ஒன்று. "நொச்சி நாத்தம்தான் வருது" என்றது இன்னொன்று. ஒரு கிழட்டு எலி அடைத்த இடத்திலேயே முன்காலை வைத்தது. மேலே குட்டிகள் சத்தம் போட்டுவிடுமோ என்று சிட்டாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

கிழட்டு எலி தும்மியது. பிறகு எல்லாம் திரும்பிப் போயின.

சிட்டாயி கூட்டுக்கு ஏறி எண்ணிப் பார்த்தாள். முந்நூறில் மிஞ்சியது முப்பத்தொன்று.

"அண்ணே, உங்களுக்கும் சருகுதானே வந்துச்சு?" என்று கேட்டாள்.

"சருகுதான்" என்றது காதையன்.

"காலையில மூட்டை வந்ததுமே இவன் அதைத் தூக்கிட்டு நேரா என்கிட்ட வந்துட்டான்" என்றார் முள்ளையா. "கொஞ்ச நேரத்துல அந்த மரநாயோட எலிங்க விலை கேட்டு வந்துச்சுங்க. இதுக்கா ஐம்பது கிழங்குன்னு முள்ளைச் சிலிர்த்தேன். ஓடிப்போச்சுங்க. கிழங்கு கிடங்குலயே இருக்கு."

"என் கொட்டையையும் கேட்டு வாங்கிக் குடுங்கய்யா!"

"என் முள்ளைக் காட்டி வாங்கியிருந்தா போறது என் பொருள், மல்லுக்கு நிப்பேன். நீ உன் பொந்துக்கு நீயே வழி காட்டிட்டியேம்மா. நான் எதைச் சொல்லிக் கேக்கிறது?"

முதல் மழைத்துளி விழுந்தது. சிட்டாயி மேலே இருந்த நான்கு வாய்களை நினைத்தாள்.

"ஐயா... எனக்கு நூறு கொட்டை குடுப்பீங்களா?"

முள்ளையா தம் உடம்பிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி நீட்டினார். "குடுக்கிறேன். ஆனா நல்லாக் கேட்டுக்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கொஞ்சம் கொஞ்சமாத் தீர்க்கணும். ஒரு நாள் தவறினாலும் பத்துக்குப் பன்னிரண்டு. அப்ப இந்த முள்ளு உன்னையே குத்தும்."

கடன் என்றாலே முகம் சுளித்த சிட்டாயி அந்த முள்ளை வாங்கிக்கொண்டாள். அந்த மழைக்காலம் முழுக்க அவளுடைய குட்டிகள் முள்ளையாவின் கொட்டையைத் தின்றுதான் வளர்ந்தன. கொட்டும் மழையில் காடெல்லாம் அலைந்து, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பாக்கியைத் தீர்த்தாள்.

முகம் தெரியாதவரிடம் பொருள் வாங்கும்போது நம் சேமிப்புக்கே வழி காட்டிவிடாமல், நமக்காகக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் மூலம் விலையைக் கொடுத்து, அவருக்குரியதை நாள் தவறாமல் தீர்த்துவிட வேண்டும்.