வந்தவர் பெயர் சொன்ன முரசு

நெடுங்காலத்துக்கு முன், வேங்கைநாட்டை நெடுவேள் என்னும் அரசர் ஆண்டுவந்தார். நல்லவர், ஆனால் காலையில் இட்ட கட்டளையை மாலையில் மாற்றுகிறவர்.

அந்நாட்டுத் தலைநகருக்கு ஒரு பேரேரி உண்டு. ஐப்பசி மழைக்குமுன் வீட்டுக்கு ஒருவர் கூடையோடு வந்து, ஏரி மண்ணை அள்ளிக் கரையை உயர்த்துவது ஊர் வழக்கம். அவ்வாண்டு பத்து வீட்டாரில் அறுவரே வந்தனர். கரை உடைந்தால் ஊர் மூழ்கும்.

அமைச்சர் மருதநம்பிமீது பொறாமை கொண்ட அரண்மனை அதிகாரி வல்லாளர் அரசவையில் எழுந்தார். "மன்னா! 'பத்து வீட்டில் நால்வர் வரவில்லை, வெட்கம்!' என்று முரசறைவோம். உறைக்கும்."

"வேண்டாம் அரசே," என்றார் மருதநம்பி. "அது வந்தவர் காதிலும் விழும்."

"அமைச்சர் பெருமானுக்கு முரசொலி கேட்டாலே நடுக்கம் போலும்!"

அவை சிரித்தது; முரசு ஒலித்தது. மறுநாள் பத்துக்கு நால்வர் வந்தனர். அதற்கடுத்த நாள் இருவர்.

"மேற்பார்வை அமைச்சருடையதுதானே!" என்று வல்லாளர் நழுவிக்கொண்டார்.

அரசர் சீறினார். "மருதநம்பி! பத்து நாளில் கரை எழவில்லையெனில் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போம்!"

"ஒப்புகிறேன் அரசே. இன்று மாலை இவ்வவையிலும் ஒரு முரசு ஒலிக்கட்டும். 'அவையினர் பத்துப் பேரில் நால்வர் தாமதமாக வருகிறார்கள், வெட்கம்!' என்று."

"உண்மைதானே, அறையும்!"

மறுநாள் அரசர் அமர்ந்தபோது மூவர் மட்டுமே இருந்தனர். எல்லாருக்கும் கடைசியாக, வாயைத் துடைத்துக்கொண்டு வல்லாளர் வந்தார்.

"ஏனய்யா தாமதம்?"

"மன்னா, நேற்றுவரை எல்லாருக்கும் முன்னே வந்தவன் நான். நால்வர் தாமதமாக வருவது நேற்றுத்தான் தெரிந்தது. நான் மட்டும் ஏன் ஓடிவர வேண்டுமென்று இன்னொரு வெற்றிலை…"

அரசர் அமைச்சரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "வராமலிருக்க நாமே துணை சேர்த்துக் கொடுத்தோமா! இனி என்ன சொல்வது?"

"எல்லாரும் வந்தார்கள் என்ற பொய் வேண்டாம் அரசே. வந்தவர்களைச் சொல்வோம்."

மறுநாள் விடிந்ததும் முரசு ஏரிக்கரைக்குப் போயிற்று. "குயவர் தெருப் பூவாயி வந்தார்! கூடை கொணர்ந்தார்!" என்று முழங்கிற்று. ஊரே கேட்டது. நண்பகலுக்குள் பூவாயியின் கொழுந்தன் ஓடிவந்தான். மூன்றாம் நாள் நெசவாளர் தெருவினர் திரண்டு வந்து, "எங்கள் தெருப் பெயர் மட்டும் இளைத்ததா? உரக்கச் சொல்லுங்கள்!" என்றனர். முரசறைவோனுக்குத் தொண்டை கட்டியது.

பத்தாம் நாள் மாலை, கடைசிக் கூடை விழவிருந்த வேளையில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வல்லாளர் மூச்சிரைக்க வந்தார். தலையில் கூடை, முகமெல்லாம் சேறு.

"உம்மை யாரும் அழைக்கவில்லையே!" என்றார் கரையைப் பார்வையிட வந்திருந்த அரசர்.

"ஊரார் பெயரெல்லாம் ஒலிக்கிறது மன்னா. என் பெயர் மட்டும்…"

அன்றிரவே மழை கொட்டியது. ஏரி நிறைந்தது, கரை அசையவில்லை. அரசர் தம் முத்துமாலையை மருதநம்பிக்கு அணிவித்தார். கூடை சுமந்தவர் பெயர்களையெல்லாம் மதகருகே கல்லில் வெட்டுவித்தார். பூவாயி பெயர் முதலாவது.

அதன்பின் வல்லாளர் வீட்டுக்கு விருந்தினர் வந்தால், உண்டு முடித்ததும் ஏரிக்கரைக்கு அழைத்துப் போவார். குனிந்து, கல்லின் கடைசி வரியைத் துடைத்து, "இதோ, நான்," என்பார்.