நாற்பத்தெட்டுப் பக்கம்

இன்பசீலன் கெட்டவன் இல்லை. அதுதான் வம்பே. கெட்டவனாக இருந்திருந்தால் பேராசிரியர் சௌந்தரம் அவனை எப்போதோ விரட்டியிருப்பார். அவரிடமே படித்து, அவரிடமே ஆய்வும் முடித்து, அவருடைய வரலாற்றுத் துறையிலேயே பாடம் நடத்த வந்தவன்.

ஒரு நாள் காலையில் இசக்கியம்மாள் என்ற மாணவியின் மாற்றுச் சான்றிதழ் சௌந்தரத்திடம் கையெழுத்துக்கு வந்தது. மற்ற எல்லாத் தாளும் தேறியவள். பொருளாதார வரலாறு ஒன்றில் மட்டும் மூன்று முறை தோற்றுவிட்டாள். விதிப்படி இனி எழுத முடியாது. பட்டம் போயிற்று. மூன்று முறையும் அவள் தாளைத் திருத்தியவன் இன்பசீலன்.

அவனைக் கூப்பிட்டார். வந்தவன் சான்றிதழைப் பார்த்ததும் பதறிவிட்டான்.

"மார்க் எதுவும் தப்பாப் போட்டுட்டேனா, மேடம்?"

சௌந்தரம் மூன்று விடைத்தாள்களையும் வரவழைத்துப் புரட்டினார். முதல் முறை இருபத்துநான்கு பக்கம். அடுத்த முறை முப்பத்தாறு. கடைசி முறை நாற்பத்தெட்டு. மதிப்பெண் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"சரியாத்தான் போட்டிருக்க."

"அப்ப என் மேல என்ன தப்பு, மேடம்?"

"அவ உன்கிட்ட வந்து கேட்டாளா?"

"ஒவ்வொரு தடவையும் வந்தா. எங்க மார்க் போச்சு, சார்னு கேட்டா. இன்னும் நல்லா எழுதும்மான்னு சொல்லி அனுப்பினேன்."

பாவி, அதை அவன் அன்பாகத்தான் சொன்னான்.

சௌந்தரம் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். "இதைத் தபால்ல அனுப்ப வேண்டாம். நீயே கொண்டுபோய்க் கொடு. விடைத்தாளையும் எடுத்துக்கோ. இன்னைக்காவது அவ கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வா."

இரண்டு பஸ் மாறிப் போனான். வீட்டு வாசலில் தாயும் மகளும் ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சாரைப் பார்த்ததும் இசக்கியம்மாள் சட்டென்று எழுந்து, புகையிலைக் கையைத் தாவணியில் துடைத்தாள்.

சான்றிதழை வாங்கியது தாய்தான். அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பீடிக்கடையில நாங்க சுத்துன பீடிக்கட்ட வேண்டாம்னு கழிச்சா, எதுக்குக் கழிச்சோம்னு சொல்லிருவாவ ஐயா. வாய் மடிப்பு சரியில்லம்பாவ, தூளு கொறைவும்பாவ. மறுநா சரி பண்ணிக் கொண்டுபோவோம். ஒங்க காலேசுல அப்படியெல்லாம் சொல்ல மாட்டாவளா?"

இன்பசீலனுக்கு முகம் செத்துப்போயிற்று. தரையில் உட்கார்ந்து விடைத்தாளைப் பிரித்தான்.

"இங்க பாரும்மா. ஜமீன்தாரி, ரயத்துவாரின்னு ரெண்டு நிலவரி முறை, ரெண்டையும் ஒப்பிடச் சொல்லிக் கேள்வி. நீ ரெண்டையும் தனித்தனியா எழுதியிருக்க. அருமையா எழுதியிருக்க. ஆனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு வரி இல்ல. பாதி மார்க் அதுக்குத்தான். பெரிய கேள்வி அஞ்சுலயும் இதேதான்."

"பக்கம் பத்தலைன்னுல்லா நெனச்சேன்."

"பக்கத்துக்கு மார்க் கிடையாதும்மா. கேள்விக்கு நாலஞ்சு வரி சேர்த்திருந்தா பாஸ்."

இசக்கியம்மாள் அந்த நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இவ்வளவுதானா, சார்?" என்று கேட்டாள்.

மறுநாள் இன்பசீலன் நடந்ததை ஒன்றுவிடாமல் சௌந்தரத்திடம் சொன்னான். தாய் கேட்டதையும் மறைக்கவில்லை.

"இனிமே தேர்வுக்கு முன்னாடியே எதுக்கு எத்தனை மார்க்குன்னு வகுப்புல சொல்லிடறேன், மேடம். திருத்தின தாளையும் உட்காரவெச்சுக் காட்டிடறேன்."

"செய்."

அவன் போகாமல் நின்றான்.

"அது போதுமா, மேடம்?"

"இவ்வளவுதானான்னு கேட்டாளே, அந்தப் பிள்ளை. அதுக்கு என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. எழுந்து வந்துட்டேன்."

சௌந்தரம் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்ட கேள்விக்கு விடையே எழுதாம விட்டா, நாம என்ன மார்க் போடுவோம், இன்பசீலா?"