குட்டையில் யார் முதலில்?

ஒரு காட்டில் ஒரு நாள் விலங்குகளெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தன. ஏன் சிரித்தன என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள் குழந்தைகளே! முதலில் ஒரு குட்டையை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

கோடையில் அந்தக் காட்டுக்கு மிஞ்சியது அந்த ஒரே குட்டைதான். காலையில் காட்டுப்பன்றி இறங்கிப் புரளும்; அதன் பிறகுதான் மற்றவர்கள் குடிக்கலாம். தண்ணீரா அது? குழம்பு!

அதைக் குடித்துக் குடித்துச் சருகுமானின் குட்டி வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தது. கிளையிலிருந்த கரிச்சான் குருவிக்குப் பொறுக்கவில்லை. யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் குறும்புக் குருவி அது.

"ஏன் அக்கா, பன்றிக்கு முன்னால் போய்க் குடித்தால் என்ன?"

"ஐயோ, குத்திவிடுவாரே!" என்றது சருகுமான்.

"எனக்குக் கிழங்கு தருகிறாரப்பா" என்றது குரங்கு.

"நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்றது மயில்.

"வழக்கம் என்றால் வழக்கம்தான்" என்றது ஆமை.

'இது சரியா என்று ஒருத்தரும் கேட்கவில்லையே! சரி, பன்றியையே கேட்கவைப்போம்' என்று கரிச்சான் மூங்கில் புதருக்குள் புகுந்துகொண்டது.

மறுநாள் காலை மற்ற விலங்குகள் கரையில் காத்து நிற்க, பன்றி ஆடி அசைந்து வந்தது. புதருக்குள்ளிருந்து காட்டெருமையின் குரல் இடித்தது.

"அடேய் பன்றி! இன்றுமுதல் நான்தான் முதலில் புரள்வேன். மிச்சத்தை நீ குடி!"

பன்றி ஓரடி பின்வாங்கியது. "அண்ணே, நீங்கள் கலக்கிய சேற்றை எப்படிக் குடிப்பது?"

"வழக்கம் என்றால் வழக்கம்தான்!"

"என்ன பொல்லாத வழக்கம்? அநியாயம்! எல்லாரும் குடித்த பிறகுதான் குளியல். எவ்வளவு பெரியவனானாலும் சரி!" பன்றி திரும்பிப் பார்த்தது. "என்னப்பா எல்லாரும் சும்மா நிற்கிறீர்கள்? நான் சொல்வது சரிதானே?"

"சரிதான்" என்றது ஆமை, யோசித்து யோசித்து.

சருகுமான் பன்றியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குட்டியைத் தண்ணீருக்குத் தள்ளியது. குட்டி தெளிந்த தண்ணீரைச் சளக் சளக்கென்று குடித்தது. குரங்கும் மயிலும் பின்னாலேயே இறங்கின.

"ஏய், ஏய்! நான் சொன்னது காட்டெருமைக்கு!" என்று பன்றி கத்தியது.

புதரிலிருந்து கைப்பிடி அளவுக் குருவி ஒன்று வெளியே குதித்தது. "எவ்வளவு பெரியவனானாலும் சரி!" என்றது, பன்றியின் குரலிலேயே.

பன்றி குருவியைப் பார்த்தது. புதரைப் பார்த்தது. குடிக்கும் குட்டியைப் பார்த்தது.

"அட... அந்த அநியாயக்காரன் நான்தானா?"

அவ்வளவுதான், விலங்குகளெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தன!

நீதி: நமக்கு நேர்ந்தால் அநியாயம் என்றால், பிறருக்கு நேர்ந்தாலும் அது அநியாயமே.